மறையேற்றம் மேட்டுக்கு ஏறும்

அட்டனில் சீனி வாங்க நின்றபோதுதான் கடைக்காரர் காதர் நாநா சொன்னார்: "ஒங்க கூட்டாளி சபாபதி மாஸ்டர் மௌத்தாப் போயிட்டாராம், தெரியுமா?" அவர் இறந்த செய்தி எனக்கு வந்தது அப்படித்தான். கூட்டாளியாம். பதினோரு வருடம் ஒரே பள்ளிக்கூடத்தில் பௌதிகம் படிப்பித்தோம், அவ்வளவுதான். அவரை அறிந்த நீங்கள், அவர் நினைவு மலருக்கு நல்லதாக நாலு வார்த்தை எழுதச் சொல்கிறீர்கள். எனக்குப் பொய் எழுத வராது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். கரும்பலகையில் அவர் வெறுங்கையால் போடும் வட்டம் கவராயத்தில் போட்டதுபோல் இருக்கும். ஒருநாளும் பிந்தி வந்ததில்லை. தீர்ந்தது.

மற்றபடி மனுஷனுக்குத் தலைக்கனம். தேயிலைத் தோட்டக் கணக்கப்பிள்ளை மகன் என்பதை மறக்கவே மாட்டார். "லயத்துப் புள்ளைங்களுக்கு எதுக்குங்க பௌதிகம்? கொழுந்து கிள்ளவா?" என்று ஆசிரியர் அறையில் எல்லோர் முன்னாலும் கேட்பார். தொழிலாளர் லயங்களில், அந்த வரிசை வீடுகளில், வளர்ந்த பிள்ளைகளுக்கு மின்னேற்றம் படிப்பிக்கும்போது மட்டும் மலையைத் துணைக்கு இழுப்பார். "கொழுந்துக் கூடைய மலையில தவறவிட்டா எங்க உருளும்? பள்ளத்துக்கு. மின்னேற்றமும் அப்படித்தான். மின்னழுத்தம் கூடின எடத்துலருந்து கொறைஞ்ச எடத்துக்கு ஓடும்." நேரேற்றத்துக்கு, அதாவது நேர் மின்னேற்றத்துக்கு, அது சரி. மறையேற்றம் எதிர்ப்பக்கம் போகும் என்று அவர் சொன்னதே இல்லை. மலையில் பிறந்தவருக்கு, தானாக மேட்டுக்கு ஏறும் பொருளொன்று மனசில் பிடிபடவில்லை போலும்.

லிந்துலைத் தோட்டத்திலிருந்து படிக்க வந்த ராசம்மாவுக்குப் பிடிபட்டது. அரசாங்கச் சோதனைக்கு ஆள் தெரிவுசெய்ய சபாபதி வைத்த தேர்வில், ஓய்விலிருந்து விடப்படும் மறையேற்றம் எந்தப் பக்கம் போகும் என்று கேட்டிருந்தார். "அழுத்தம் கூடிய பக்கம் போகும். ஆனாலும் அதன் அழுத்தசக்தி குறையும், அந்த அளவுக்கு இயக்கசக்தி கூடும்" என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையில் முட்டை போட்டார். அந்த ஒரு கேள்வியால் ராசம்மா தவறினாள். தவறினால் தோட்டத்தில் கொழுந்து பறிக்கப் பேர் பதிந்துவிடுவார்கள் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அவள் விடைத்தாளை என்னிடம் கொண்டுவந்தாள். நான் அதை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். பலகையில் போட்டுப் பார்த்தார். ஏற்றத்தின் குறி மறை. அழுத்தம் கூடக் கூட, ஏற்றத்தை அழுத்தத்தால் பெருக்கி வரும் அழுத்தசக்தி குறைந்துகொண்டே போனது.

"அந்தப் புள்ள எழுதுனது சரிதாங்க. ஆனா பட்டியல ஒட்டியாச்சே. இப்ப மாத்துனா நாளைக்கு எவன் என்னை மதிப்பான்?" என்றார். பிறகு உள்ளங்கையால் பலகையைத் துடைத்தார். நீரெல்லாம் ஒரு மனுஷனா என்று முகத்துக்கு நேரே கேட்டுவிட்டு வந்தேன்.

அடுத்த வாரம் ராசம்மாவின் பேரைப் பதிந்துவிட்டார்கள். புத்தகங்களைத் திருப்பிக் கொடுக்க வந்தவள் கேட்டாள்: "சேர், நான் எழுதுனது பிழையா?"

"சரிதாம்மா."

"அப்ப ஏன் சேர்?"

சபாபதி மாஸ்டரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த விடைத்தாள்தான். அவரை நான் மன்னிக்கவில்லை. செத்துப்போனார் என்பதற்காக மன்னிக்கப்போவதும் இல்லை. ஆனால் அவரைத் திட்டுவதற்காக அந்தத் தாளை எடுக்கும்போதெல்லாம், சிவப்பு முட்டைக்குக் கீழே இன்னொன்றும் கண்ணில் படுகிறது: இரண்டாம் பரிசோதகர் என்ற இடத்தில், வாசித்துப் பாராமல் நான் வைத்த கையெழுத்து.