பாய் சாரின் கோட்டுப் பை

நான் திண்டுக்கல்லில் ஆங்கில ஆசிரியையாகச் சேர்ந்த புதிது. வாக்கியத்தைச் சொன்னால் போதாது, செய்தும் காட்ட வேண்டும் என்ற புது முறை அப்போதுதான் வந்திருந்தது. ஒன்றிலிருந்து ஒரு பொருளை எடுக்கச் சொல்லும் வாக்கியம்தான் அன்றைய பாடம். பள்ளி இன்ஸ்பெக்டர் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்துவிட்டார். பாடத்துக்கான சாமான்கள் இருந்த என் பையோ நிலக்கோட்டை பஸ்ஸிலேயே போய்விட்டது.

வாசலில் வந்து நின்றேன். பக்கத்து வகுப்புக் கணக்கு வாத்தியார் பாய் சார் என்னவென்று கேட்டார். அவரைக் கண்டாலே பிள்ளைகள் நடுங்குவார்கள். அவர் போடும் சத்தம் தாங்கவில்லை என்று முந்தின வாரம்தான் தலைமையாசிரியரிடம் புகார் செய்திருந்தேன். விஷயத்தைச் சொன்னேன். விறுவிறுவென்று உள்ளே வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"என் கோட்டுப் பையில இருக்கிறத ஒவ்வொண்ணா பிள்ளைகள எடுக்கச் சொல்லுங்க டீச்சர்."

"டேக் தி பென் ஃப்ரம் தி பாக்கெட்" என்றேன். பேனா வந்தது. மூக்குப்பொடி டப்பா வந்தது. வழுக்கைத் தலையருடைய பையிலிருந்து சீப்பும் வந்தது. கடைசியில் ஒரு சிறுமி கடலை மிட்டாயை எடுத்ததும் வகுப்பே சிரித்தது. அவரும் சிரித்தார்.

மணி அடித்ததும், "புகார் சொன்னது நான்தான் சார்" என்றேன்.

"தெரியும் டீச்சர். மிட்டாய அந்தப் பிள்ளையே வச்சுக்கிறட்டும்" என்று போய்விட்டார்.

மதியம் பக்கத்து வகுப்பில் பதினாறாம் வாய்ப்பாடு வழக்கம்போல் முழங்கியது. அன்றுதான் முதன்முறையாக நான் ஜன்னலைச் சாத்தவில்லை.