மாரிஸ் குடித்த மஞ்சள்

கோச்சடையில் எங்கள் தெருவுக்குள் வந்து யாராவது நல்லகாமன் வீட்டுக்கு வழி கேட்டால், "வாசல்ல ஒரு காரு வாயைப் பொளந்துக்கிட்டு நிக்கும், அந்த வீடுதான்" என்பார்கள். பானெட்டைத் திறந்து போட்டபடியேதான் அவருடைய பழைய மாரிஸ் மைனர் எப்போதும் நிற்கும். பஞ்சாலையில் அவர் ஃபிட்டர். பகலெல்லாம் ஆலை இயந்திரத்தோடு மல்லுக்கட்டிவிட்டு, சாயங்காலம் இதனோடு மல்லுக்கட்டுவார். எனக்கு அவர்மேல் பாசமும் உண்டு, எரிச்சலும் உண்டு. எரிச்சலுக்குக் காரணம், என் வீட்டுக்காரர் கண்ணுச்சாமிக்கும் அந்தக் கிறுக்கு தொற்றியதுதான். எங்கள் ஆஸ்டின் கார் செங்கல்மேல் உட்கார்ந்திருந்தது. அதன் பின்சீட்டில் கோழி அடைகாத்தது.

ஞாயிற்றுக்கிழமையானால் பழங்காநத்தத்திலிருந்து வெள்ளைத்துரை சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்துவிடுவார். அவரிடம் ஒரு காலத்தில் கார் இருந்தது. இப்போது பேச்சு மட்டும் மிச்சம். ஃபேன் பெல்ட் அறுந்தபோது கட்டியிருந்த வேட்டியைக் கிழித்து முறுக்கிப் போட்டு, இடுப்பில் துண்டோடு தேனியிலிருந்து வந்து சேர்ந்த கதையைச் சொல்வார். பெட்ரோல் டேங்க் ஓட்டையைத் துணி துவைக்கிற சவுக்காரக் கட்டியைத் தேய்த்து அடைத்த கதையை என் வீட்டுக்காரர் எடுத்து விடுவார். நல்லகாமன் கழற்றிய திருகுகளை இட்லித் தட்டின் குழிகளில் வரிசையாகப் போட்டுக்கொண்டே கேட்பார். அந்தத் தட்டில் இட்லி வெந்து மாதக்கணக்காயிற்று.

"எங்க வீட்டுல நட்டும் போல்ட்டும்தான்க்கா பலகாரம்" என்று அவர் மனைவி ஜெயக்கொடி என்னிடம் சிரிப்பாள்.

சிரிப்பாளே தவிர, அவள் மனதில் ஒரு முள் தைத்திருந்தது. வாடிப்பட்டியில் அவள் அண்ணன் விருமாண்டி, ஒருமுறை இவர்கள் காரில் கோயில் திருவிழாவுக்குப் போனபோது ஊரே கேட்கச் சொல்லிவிட்டார்: "இந்தத் தகர டப்பாவை என் வாசல்ல நிப்பாட்டாதீக மாப்ள, மாடு மிரளுது."

நல்லகாமனுக்கு மூக்குக்கு மேல் கோபம். "இனிமே வந்தா இந்தக் கார்லதான் வருவோம் மச்சான். அதுவரைக்கும் உங்க தங்கச்சியும் வரமாட்டா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். அதன்பிறகு வண்டி தெருமுனையைத் தாண்டவில்லை. வீம்பு பிடித்தது ஆண்கள் இரண்டு பேர். பிறந்த வீட்டை இழந்தது ஜெயக்கொடி. எங்கும் இதுதானே நடக்கிறது.

எழுபத்தொன்பதாம் வருஷம் விருமாண்டியின் மகள் பெரியவளானாள். சடங்கில் அத்தைதான் முதல் குடம் மஞ்சள் நீர் ஊற்ற வேண்டும். "இப்பவும் நான் போகலைன்னா எனக்குப் பொறந்த வீடுன்னு ஒண்ணு இல்லங்க" என்று ஜெயக்கொடி புருஷனிடம் சொன்னாள். அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. தழுதழுத்துச் சொன்னாள். அன்று முதல் அவர் வண்டிக்கு அடியிலேயே குடியிருந்தார். கடைசியில் இஞ்சின் ஓடியது. ரேடியேட்டர் மட்டும் சொட்டுச் சொட்டாக ஒழுகியது. ஒரு கை மஞ்சள்தூளைப் போட்டால் அந்த ஒழுகல் அடைபட்டுவிடும் என்பது இவர்கள் கைவைத்தியம்.

சடங்கன்று காலையில் சீர்த்தட்டோடு எல்லோரும் ஏறினோம். முன்னால் அவர்கள் இருவரும், பின்னால் நானும் என் வீட்டுக்காரரும் வெள்ளைத்துரையும். சமயநல்லூர் தாண்டியதும் பானெட்டுக்குள்ளிருந்து புஸ்ஸென்று ஆவி கிளம்பியது. வண்டி நின்றே போனது. ரேடியேட்டர் மூடியைத் துணி சுற்றித் திறந்தால், உள்ளே மஞ்சள் குழம்பு!

"ஒரு கைதான போட்டேன்" என்று விழித்தார் நல்லகாமன்.

என் வீட்டுக்காரர் மெல்ல, "எதுக்கும் இருக்கட்டும்னு நானும் ஒரு கை போட்டேண்ணே" என்றார். வெள்ளைத்துரை புளியமரத்தைப் பார்த்துக்கொண்டு, "நான் ரெண்டு கை" என்றார். ஒருவருக்கொருவர் தெரியாமல் ஆளாளுக்கு நல்லது செய்து வண்டியின் தொண்டையை அடைத்துவிட்டார்கள். அந்த மூன்று தலைகளையும் சேர்த்து முட்டவிடலாமா என்றிருந்தது எனக்கு.

ஜெயக்கொடி சீர்த்தட்டைப் பிடித்துக்கொண்டு சாலையையே பார்த்தாள். தூரத்தில் பஸ் வந்தது. நல்லகாமன் அவள் முகத்தைப் பார்த்தார். விறுவிறுவென்று நடுரோட்டுக்குப் போய் இரண்டு கையையும் விரித்து நின்றுவிட்டார்.

"ஏறு ஜெயக்கொடி. நேரம் போகுது. என் வீம்பு என்னோட கெடக்கட்டும்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. நானும் அவளோடு பஸ்ஸில் ஏறிக்கொண்டேன்.

நல்ல நேரம் முடிவதற்குள் போய்ச் சேர்ந்தோம். முதல் குடத்தை அவள்தான் ஊற்றினாள். ஓரமாக நின்ற விருமாண்டி, "மாப்ள வரலையா?" என்று கேட்டார்.

"கார்லதான் வந்தோம்ணே. வழியில படுத்துருச்சு. என்னைய பஸ்ல ஏத்தி விட்டுட்டு அங்கனயே நிக்கிறாரு."

விருமாண்டி மகள் சடங்கை அப்படியே விட்டுவிட்டுத் தொழுவத்துக்குப் போனார். காளைகளை அவிழ்த்து, வடக்கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

வெயில் சாயும்போது தெருவில் ஒரே சத்தம். எட்டிப் பார்த்தோம். காளைகள் மாரிஸை இழுத்துவர, நல்லகாமன் தலையைத் தொங்கப்போட்டபடி ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தார். மற்ற இருவரும் பின்னாலிருந்து தள்ளினார்கள். எவனோ சிரித்தான். விருமாண்டி சட்டென்று திரும்பினார்.

"என்னடா சிரிப்பு? எங்க மாப்ள காரு. என் வாசல்லதான் நிக்கும்."

ஜெயக்கொடி மஞ்சள் கறைச் சேலையோடு பந்தலிலிருந்து ஓடினாள். அண்ணன் வாசலுக்கு இன்னும் நாலு வீடு இருந்தது. கார்க் கதவைத் திறந்து புருஷன் பக்கத்தில் ஏறி, நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

"ம், இப்பக் காளையைப் பத்துங்கண்ணே" என்றாள்.