எல்லாப் பெட்டியையும் பிரித்தாள்

சாவு விழுந்த வீட்டில் ஒரு வருடத்துக்குப் பண்டிகை கிடையாது. நட்சத்திரம் கட்டக்கூடாது, அடுப்பில் எண்ணெய்ச் சட்டி ஏற்றக்கூடாது. பலகாரமும் துணியும் சொந்தக்காரர்கள் கொண்டுவந்து தருவார்கள். துறைமுகத்துக்குக் கண்டெய்னர் லாரி ஓட்டிய என் வீட்டுக்காரர் ஜூலையில் எண்ணூர் ரோட்டு விபத்தில் போய்ச் சேர்ந்தார். அதனால் இந்தக் கிறிஸ்துமஸுக்கு என் மூன்று வயது மகளுக்கு வந்து குவிந்த பரிசு, ராயபுரத்தில் எந்தப் பணக்கார வீட்டுப் பிள்ளைக்கும் வந்திருக்காது. அப்பன் இருந்தவரை எட்டிப் பார்க்காத சனமெல்லாம் ஜிகினாத் தாள் சுற்றிய பெட்டியோடு வந்து நின்றது.

அவளோ பேய் பிடித்தவள் போல ஆடினாள். ஒன்றைக் கிழிப்பாள், உள்ளே இருப்பதை இழுத்து வீசுவாள், அடுத்ததற்குப் பாய்வாள். பேசும் பொம்மை ஒன்று கட்டிலுக்கடியில் தன்பாட்டுக்குக் கத்திக்கொண்டு கிடந்தது.

"இன்னாம்மா உம் பொண்ணு, ஒண்ணுத்தையும் கண்டுக்க மாட்டேங்குது?" என்றாள் எதிர்வீட்டுக்காரி, யாரோ கொண்டுவந்த அச்சுமுறுக்கை மென்றுகொண்டே. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

என் நாத்தனார் பால்வாடியில் வேலை செய்பவள். "எல்லாத்தையும் ஒரே டைம்ல பாத்தா புள்ளைங்க இப்டித்தான் அண்ணி, தல கால் புரியாது. மீதிய எடுத்து மேல வை. ஒண்ணு குடு, அத்தோட கொஞ்ச நேரம் வெளயாடட்டும். அப்பால அடுத்தது."

நியாயமான பேச்சு. மீதியை பீரோ மேல் ஏற்றிவிட்டு, அவளை மடியில் வைத்து ஒரே ஒரு பெட்டியைக் கொடுத்தேன். பொறுமையாகத்தான் பிரித்தாள். சமையல் சாமான் செட். அதை ஓரமாக வைத்துவிட்டு, காலிப் பெட்டிக்குள் தலையை விட்டாள். கையால் அடியைத் துழாவினாள்.

எதைத் தேடுகிறாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

போன கிறிஸ்துமஸுக்கு அவள் அப்பா, வாஷிங் மெஷின் வந்த அட்டைப்பெட்டிக்குள் குந்திக்கொண்டு, மேலே என்னைத் தாள் ஒட்டச் சொன்னார். அவள் கிழித்ததும் "பே" என்று எழுந்து நின்றார். அவள் சிரித்த சிரிப்புக்குத் தெருவே வந்து எட்டிப் பார்த்தது. நான் போனில் எடுத்த அந்த வீடியோ ஓடினால்தான் இன்றும் அவளுக்குச் சோறு இறங்கும். ஜூலையில் அவரைச் சவப்பெட்டியில் கிடத்தி மூடியபோது நாங்களெல்லாம் மாரில் அடித்துக்கொண்டு கதறினோம். என் இடுப்பில் இருந்தவள் மட்டும் கைதட்டிச் சிரித்தாள். பச்சப் புள்ளைக்கு இன்னா தெரியும் என்று ஊரே அழுதது.

சாயங்காலம் என் அண்ணன் வண்ணாரப்பேட்டையிலிருந்து மூன்று சக்கர சைக்கிள் வாங்கி வந்தான். பெட்டி அவள் உயரம் இருந்தது. அதைப் பார்த்ததும் அவள் பாயவில்லை, கிழிக்கவில்லை. மெதுவாகக் கிட்டப் போய்த் தட்டினாள்.

"அப்பா, வெளிய வா."

அண்ணன் என் முகத்தைப் பார்த்தான். நாத்தனார் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மகள் மறுபடியும் பெட்டியைத் தட்டினாள். பிள்ளையை எத்தனை நேரம் நிற்க வைப்பது? நானே பிரித்து, அந்தச் சிவப்பு சைக்கிளை வெளியே தூக்கி வைத்தேன். அவள் நுனிக்காலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தாள். அழவில்லை. அழுதிருந்தாலாவது தூக்கித் தேற்றியிருப்பேன்.

"இதுல இல்ல. வேற பெட்டி குடும்மா."

பீரோ மேல் இருந்ததை ஒவ்வொன்றாக இறக்கிக் கொடுத்தேன். அதுவும் தீர்ந்த பிறகு என்னத்தைக் கொடுப்பேன், ஆண்டவரே?