இன்லாண்ட் கடிதம் ஒட்டிய பெட்டிகள்

ஃபர்ஸானாவுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. தாராவியில் பிறந்து இந்திப் பள்ளிக்கூடத்தில் பத்தாவது வரை படித்தவள். வாப்பாவும் உம்மாவும் பேசிய கடையநல்லூர்த் தமிழ் நாக்கில் ஒட்டிக்கொண்டதே தவிர, எழுத்து கண்ணில் ஏறவில்லை. இது வெளியே தெரியாமல் பார்த்துக்கொள்வதில் அவள் கெட்டிக்காரி. யாராவது தமிழில் அச்சடித்த எதையாவது நீட்டினால், "கண்ணாடி எடுத்துட்டு வரல, நீங்களே சொல்லுங்க" என்பாள். அவளுக்கு முப்பத்தாறு வயது. கண்ணாடி போட்டதே இல்லை.

கொரோனா மாதங்களில் கணவன் ஷாகிர் வேலை பார்த்த தோல்பைப் பட்டறை மூடிக்கிடந்தது. அப்போது பொழுது போகாமல் யூடியூப்பைப் பார்த்து, காலி அட்டைப்பெட்டியை வெட்டி ஒரு வாழ்த்து அட்டை செய்தாள். பிறகு ஒரு கவர், பிறகு ஒரு நோட்டு, பிறகு மூடி போட்ட பரிசுப் பெட்டி. கைவேலை சுத்தம் அவளுக்கு. மூலையில் காகிதத்தை மடித்து ஒட்டினால் ஒரு சுருக்கம் இருக்காது. பட்டறை திறந்த பிறகும் அவள் விடவில்லை. மாடியறையின் பாதியை அட்டையும் லேஸும் ரிப்பனும் பிடித்துக்கொண்டன. பசை காய்கிற வரை ஃபேன் போடக் கூடாது என்று மகள் சஃபீனாவுக்கும் சட்டம் போட்டிருந்தாள்.

அழகான பழைய காகிதம் வேண்டுமென்றால் பழைய பேப்பரும் சாமானும் எடைக்கு வாங்கும் பூலோகம் அண்ணாச்சியின் பங்கார்க் கிடங்குக்குப் போவாள். பழைய தேசப்படம், ரயில் அட்டவணை, யாரோ வரைந்த கட்டட வரைபடம் என்று எதையாவது எடுத்து வைத்திருப்பார். போன செப்டம்பரில் அவர் எடுத்துக் கொடுத்தது ஒரு கட்டு இன்லாண்ட் கடிதங்கள். வெளிறிய நீலத்தில், வெள்ளை நாடாவால் கட்டியிருந்தது.

"மாட்டுங்கால ஒரு ஃப்ளாட்டக் காலி பண்ணுன சரக்கு. ஒனக்கு ஆவுமா பாரு" என்றார்.

"எல்லாம் தமிழா அண்ணாச்சி?"

"தமிழாத்தான் இருக்கு. நா எங்க பிரிச்சுப் பாத்தேன், எடைக்கு வந்தது."

வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தபோது ஃபர்ஸானாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அப்படி ஒரு கையெழுத்து. ஒரே சாய்வு, ஒரே இடைவெளி. ஒவ்வொரு கடிதத்தின் கடைசியிலும் ஒரு வரிக்கு அடியில் மட்டும் இரண்டு கோடு இழுத்திருந்தது. அந்த வரிதான் முக்கியமான வரியாக இருக்கவேண்டும் என்று நினைத்தாள். அது மூடியின் நட்டநடுவில் வருகிற மாதிரி அளந்து வெட்டி, நான்கு பக்கமும் தங்க லேஸ் வைத்து, பதினாறு பெட்டிகள் செய்தாள். என்ன எழுதியிருக்கிறது என்று யாரிடமாவது கேட்டிருக்கலாம். கேட்டால் தனக்குத் தெரியாது என்பது தெரிந்துபோகுமே.

தீபாவளிக்கு முன்னால் மாட்டுங்காவில் ஒரு கல்யாண மண்டபத்தில் பெண்கள் ஸ்டால் போட்டார்கள். ஃபர்ஸானாவுக்குப் பக்கத்து மேஜை, கோவண்டியிலிருந்து வரும் கலைச்செல்விக்கு. பொடியும் முறுக்கும் விற்பவள். காலையில் ஒரு காலேஜ் பெண் பெட்டியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, இதுல என்ன எழுதியிருக்கு?" என்று இந்தியில் கேட்டாள்.

"பழைய லவ் லெட்டர்" என்றாள் ஃபர்ஸானா. யோசித்துச் சொல்லவில்லை, வாயில் வந்துவிட்டது. "வெளியூர்ல இருந்த ஒருத்தர் பொண்டாட்டிக்கு எழுதுனது."

அந்தப் பெண் உடனே வாங்கிக்கொண்டாள். அடுத்தவளுக்குச் சொல்லும்போது அந்த ஆள் கப்பலில் வேலை பார்த்தான். அதற்கடுத்தவளுக்கு, மூன்று வருஷத்துக்கு ஒருமுறைதான் வீட்டுக்கு வருவான். சொல்லச் சொல்ல ஃபர்ஸானாவுக்கே அந்த மனிதன்மேல் பிரியம் வந்துவிட்டது. பகல் சாப்பாட்டுக்குள் பத்துப் பெட்டிகள் போய்விட்டன.

மூன்று மணி வாக்கில் ஒரு மாமி வந்தாள். எழுபது வயதிருக்கும். கஞ்சி போட்ட காட்டன் புடவை, தோளில் கைப்பை. முதலில், வழக்கமாக வாங்கும் கலைச்செல்வியிடம் சாம்பார்ப் பொடி வாங்கினாள். பிறகு இந்தப் பக்கம் நகர்ந்து ஒரு பெட்டியை எடுத்தாள். கைப்பையிலிருந்து கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டாள்.

மூடியை முகத்தருகே கொண்டுபோய் வரி வரியாகப் பார்த்தாள்.

"நல்லா இருக்கா மேடம்? பழைய லவ் லெட்டர். கப்பல்ல இருந்து..." என்று ஃபர்ஸானா தொடங்கினாள்.

"உங்களுக்குத் தமிழ் படிக்கத் தெரியுமோ?"

"தெரியும் மேடம்."

மாமி அவளை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு விரலை மூடியின்மேல் வைத்து, பக்கத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் கேட்கிற குரலில் வாசித்தாள். "நேற்றும் கை ஓங்கிவிட்டார். குழந்தைகள் பார்த்துக்கொண்டிருந்தன. உன் பழைய புடவை ஏதாவது இருந்தால் அனுப்பு அக்கா, முழங்கை மறைகிற ரவிக்கையோடு." கோடு போட்ட வரிக்கு வந்ததும் விரல் நின்றது. "படித்ததும் கிழித்துப் போட்டுவிடு. அத்திம்பேர் கண்ணில் பட வேண்டாம்."

கலைச்செல்வி பொட்டலம் கட்டுவதை நிறுத்திவிட்டாள்.

"அக்கா கிழிக்கலை போலிருக்கு" என்றாள் மாமி. "போன வருஷம் அவ போயிட்டா. அவ பிள்ளை வந்து வீட்டைக் காலி பண்ணினான். இது என் கையெழுத்து." கண்ணாடியைக் கழற்றினாள். "இன்னும் எத்தனை இருக்கு?"

"ஆறு."

"ஆறையும் கொடுங்கோ."

ஃபர்ஸானாவின் காதில் ஏதோ இரைந்துகொண்டிருந்தது. கை மட்டும் தன் பழக்கத்துக்கு வேலை செய்தது. ஆறு பெட்டிகளையும் ஒவ்வொன்றாகப் பட்டுத்தாளில் சுற்றியது, பெரிய கவரில் அடுக்கியது. வாயும் தன் பழக்கத்துக்குப் பேசியது. "ஒண்ணு முந்நூத்தம்பது மேடம். மொத்தமா எடுக்கிறதால நூறு கொறச்சிக்கிடுதேன். ரெண்டாயிரம் குடுங்க."

மாமி நான்கு ஐந்நூறு ரூபாய் நோட்டுகளை எடுத்து வைத்தாள். கவரை மார்போடு அணைத்துக்கொண்டு, கூட்டத்துக்குள் நடந்து போய்விட்டாள்.

நோட்டுகள் மேஜைமேல் கிடந்தன. அவளுடைய கண்ணீரை அவளுக்கே விற்றிருக்கிறோம், அதுவும் தள்ளுபடி போட்டு, என்பது ஃபர்ஸானாவுக்கு அப்போதுதான் உறைத்தது. எழுந்து வாசல்வரை ஓடினாள். தெருவில் பூக்கடைக் கூட்டம். மாமியைக் காணோம்.

திரும்பி வந்தபோது கலைச்செல்வி கேட்டாள். "யக்கா, ஒங்களுக்கு நெசமாவே வாசிக்கத் தெரியாதா?"

இத்தனை வருஷம் ஒளித்து வைத்ததை ஒப்புக்கொள்ள ஃபர்ஸானாவுக்கு ஒரு தலையசைப்பே போதுமாயிருந்தது.

"என்கிட்ட கேட்டிருக்கலாமே. ஒரு நிமிஷம்தானே ஆயிருக்கும்" என்றாள் கலைச்செல்வி. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

வீட்டில் ஷாகிரிடம் சொன்னாள். முழுதும் சொல்லவில்லை, கப்பல்காரனை விட்டுவிட்டாள். அவன் ஷூவைக் கழற்றியபடியே கேட்டான்.

"ஏளா, நீ என்ன வேணும்னா செஞ்ச? பங்கார்ல கெடந்த பேப்பரு. வுட்டுரு."

"அவங்க வாசிச்சாங்க மச்சான். என் முன்னாலயே நின்னு வாசிச்சாங்க."

"அதுக்கு இப்ப என்ன செய்யப் போற?"

"வித்ததத் திருப்பி வாங்கப் போறேன்."

புது டிசைன் வந்தால் படம் அனுப்புவதற்காக, வாங்கியவர்களின் நம்பரையெல்லாம் ஃபோனில் ஏற்றி வைத்திருந்தாள். ஒவ்வொருவராக அழைத்தாள். முதல் அழைப்பில், பசை சரியில்லை, பெட்டி பிய்ந்துவிடும் என்று ஒரு பொய்யைச் சொல்லிப் பார்த்தாள். அந்தப் பெண், "பரவாயில்லை ஆன்ட்டி, நான் ஒட்டிக்கறேன்" என்று வைத்துவிட்டாள். மறுபடி அவளையே அழைத்து உண்மையைச் சொல்ல வேண்டியதாயிற்று. எனக்குத் தமிழ் வாசிக்க வராது, லவ் லெட்டர் என்று சொன்னது பொய், அது ஒரு பொம்பளை அடிபட்டு எழுதின கடுதாசி, எழுதினவங்க உயிரோட இருக்காங்க. இந்த நாலு வாக்கியத்தைப் பத்துப் பேரிடம் சொன்னாள்.

எல்லோரும் ஒரே மாதிரி இல்லை. சிலர் அவளைவிட அதிகமாக வருத்தப்பட்டு அன்றைக்கே கொடுத்தார்கள். சயானில் ஒருத்தி, "நான் காசு கொடுத்து வாங்கினது, திருப்பித் தர மாட்டேன்" என்று முகத்தில் அடித்த மாதிரி சொன்னாள். ஒன்று துபாய்க்குப் பரிசாகப் போய்விட்டது. இன்னொன்று மழைநீர் பட்டு நைந்து குப்பைக்குப் போய்விட்டதாம். அதைக் கேட்டதும் ஃபர்ஸானாவுக்கு நிம்மதியாக இருந்தது. நிம்மதிப்பட்டதை நினைத்து அப்புறம் கூசினாள்.

அணுசக்தி நகருக்குப் போனதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம். கதவைத் திறந்தது பெட்டி வாங்கிய பெண்ணின் மாமியார்.

"நான் அன்னைக்கே படிச்சிட்டேன்" என்றாள் அவள். "மருமக ஆசையா நகை வைக்க வாங்கிட்டு வந்தா. லவ் லெட்டர்னு சொன்னா. இத எப்படி அவகிட்ட சொல்றதுன்னு பேப்பர் சுத்தி அலமாரி மேல வச்சிட்டேன். காசுக்காக என்ன வேணாலும் ஒட்டுவீங்களாம்மா?"

தெரியாமல் செய்தேன் என்று வாய்வரை வந்தது. ஆனால் தெரியாததற்குக் காரணம் யார்? ஃபர்ஸானா பெட்டியை வாங்கிக்கொண்டு, பதிலுக்குக் கொண்டுவந்திருந்த புதுப் பெட்டியை வாசலில் வைத்துவிட்டுப் படி இறங்கினாள்.

ஏழு பெட்டிகள் சேர்ந்தன. மாமிக்கு மாதாமாதம் பொடி கொண்டுபோய்க் கொடுக்கிற கலைச்செல்விதான் விலாசம் சொன்னாள். பெயர் சுப்புலக்ஷ்மி, வீடு செம்பூரில். ஒரு செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு, ஏழு பெட்டிகளையும் வெட்டாமல் மிஞ்சியிருந்த கடிதங்களையும் துணிப்பையில் போட்டுக்கொண்டு, மூன்று மாடி ஏறி மணியை அடித்தாள்.

மாமி கதவைத் திறந்தாள். அடையாளம் தெரிந்துவிட்டது என்பது முகத்தில் தெரிந்தது. கதவை அதற்குமேல் திறக்கவில்லை.

உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது. சாய்வு நாற்காலியில் ஒரு கிழவர். பனியன், தோளில் ஈரிழைத் துண்டு, எலும்பாகிப்போன தோள்பட்டை.

"யாரு சுப்பு?" என்றார், திரும்பாமல்.

"ரவிக்கை தைக்கற பொண்ணு."

"வெயில்ல வந்திருக்கா. உள்ள கூப்பிட்டு ஒரு வாய் தண்ணி கொடேன்."

ஃபர்ஸானா அவரையே பார்த்தாள். கப்பலில் ஏற்றி, கடல்கடந்து ஏங்கவைத்து, பத்துப் பேருக்கு அவள் விற்ற மனிதர் இவர்தான். பையை நீட்டினாள்.

"ஏழு கெடைச்சிச்சு மேடம். மூணு கெடைக்கல. வெட்டாத லெட்டர்லாம் அடியில இருக்கு. எனக்கு வாசிக்கத் தெரியாது. அன்னைக்குத் தெரியும்னு பொய் சொன்னேன். லவ் லெட்டர்னு சொன்னதும் நானாச் சொன்னதுதான்."

"எத்தனை பேர்கிட்ட அப்படிச் சொன்னேள்?"

"எல்லார்கிட்டயும்."

மாமி ஒரு கணம் நாற்காலியைத் திரும்பிப் பார்த்தாள். அவள் உதடு லேசாக இழுபட்டது. அது சிரிப்பா வேறு எதுவுமா என்று ஃபர்ஸானாவால் சொல்ல முடியவில்லை. பையை வாங்கி, கதவுக்குப் பின்னால் இருந்த செருப்பு அலமாரிக்குள் தள்ளி மூடினாள். பிறகு சமையலறைக்குப் போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்தாள். வாசலில் நின்றபடியே ஃபர்ஸானா அதைக் குடித்தாள்.

தான் செய்த கவர் ஒன்றில் இரண்டாயிரம் ரூபாயைப் போட்டுக் கொண்டுவந்திருந்தாள். மாமி வேண்டாம் என்பாள், தான் வற்புறுத்தலாம், அதில் கொஞ்சம் மனசு ஆறும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தாள். மாமி வேண்டாம் என்று சொல்லவில்லை. கவரை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"மன்னிச்சிருங்க மேடம்."

"உங்க மேல கோபமில்லை" என்றாள் மாமி, தாழ்ந்த குரலில். "ஆனா உங்களைப் பார்த்தா எனக்கு அதெல்லாம் ஞாபகம் வரும். இனிமே வராதேங்கோ." டம்ளரை வாங்கிக்கொண்டு, சத்தம் வராமல் கதவைச் சாத்தினாள்.

ஃபர்ஸானா தொழிலை விடவில்லை. கையால் எழுதிய எதையும் இப்போது ஒட்டுவதில்லை. ஒரு தட்டில் தண்ணீர் வைத்து, அதன்மேல் வண்ணத்தை மிதக்கவிட்டு, காகிதத்தைப் படியவைத்து எடுக்கிறாள். ஒவ்வொரு தாளிலும் வேறு வேறு அலை விழுகிறது. இதில் என்ன இருக்கிறது என்று கேட்டால், கலர்தான் என்று சொல்லிவிடலாம். நன்றாகத்தான் விற்கிறது.

பொங்கலுக்கு முன்னால் அதே மண்டபத்தில் மறுபடி ஸ்டால் போட்டார்கள். கலைச்செல்வி அவளுக்கும் சேர்த்து இடம் பிடித்து வைத்திருந்தாள். மதியம், எதிர் வரிசையில் கஞ்சி போட்ட புடவை ஒன்று மெதுவாக நகர்ந்து வருவதை ஃபர்ஸானா பார்த்தாள். தோளில் கைப்பை. கையில் ஒரு முழம் மல்லிகை.

அவள் சட்டென்று குனிந்து மேஜைக்கு அடியில் போய்விட்டாள். செலோடேப்பைத் தேடுவதுபோல் அட்டைப் பெட்டிகளைக் கிளறினாள். மேலே மாமியின் குரல் கேட்டது. ரசப்பொடி கால் கிலோ, மிளகு தூக்கலாக. பொட்டலம் சரசரத்தது. பிறகு செருப்புச் சத்தம் ஃபர்ஸானாவின் மேஜைக்கு முன்னால் வந்து, சற்று நின்று, தள்ளிப் போயிற்று.

"போயிட்டாங்கக்கா" என்றாள் கலைச்செல்வி, குனிந்து பார்த்து. "எந்திரிங்க."

முகம் இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது. "இரு, வாரேன்" என்று சொல்லிவிட்டு, ஃபர்ஸானா அங்கேயே முழங்காலில் உட்கார்ந்திருந்தாள்.