பச்சை வரிசையில் ஒரு தாள்

ஒரகடத்தில் கார் கதவுக்குக் கீல் அடிக்கும் கம்பெனியில் கங்காவுக்குப் பதினோரு வருடம். எந்தச் சாமானை முதலில் அடிப்பது என்று பலகையில் அட்டை மாட்டுவது அவள் வேலை. இருப்பு தீரப்போவது சிவப்பு வரிசையில், குறைந்துவருவது மஞ்சளில், காத்திருக்கக்கூடியது பச்சையில். சிவப்பை முடித்த பிறகுதான் மற்றது. அவள் மாட்டியவரை சாமான் இல்லாமல் லைன் நின்றதில்லை.

பிறகு சூப்பர்வைசர்கள் தங்கள் அட்டைகளைத் தாங்களே சிவப்புக்கு நகர்த்த ஆரம்பித்தார்கள். அவரவருக்கு அவரவர் சாமான்தான் சாமான். போன வாரம் முப்பத்திரண்டு அட்டையும் சிவப்பில் தொங்கின. சாமானுக்குச் சாமான் மெஷினில் அச்சு மாற்றி மாற்றியே ஷிப்ட் முடிந்தது. லைன் நின்றது.

"எல்லாமே அர்ஜென்ட்டுன்னா நான் இன்னாத்த சார் மொதல்ல ஓட்டுறது?"

"அதப் பாக்கத்தானம்மா உன்ன வெச்சிருக்கு?" என்று கத்திய மேனேஜர் புருஷோத்தமன், மெமோவும் கொடுத்தார்.

பச்சை வரிசையின் கடைசியில் ஒரு தாளும் தொங்கியது. மார்பில் தட்டுப்பட்ட கட்டியைக் காஞ்சிபுரம் ஆஸ்பத்திரியில் காட்ட அவள் எழுதிய லீவு லெட்டர். வேலை குறைந்ததும் கொடுக்கலாம் என்று பிப்ரவரியில் மாட்டியது. இப்போது அக்டோபர். அதை மட்டும் யாரும் சிவப்புக்கு நகர்த்தவில்லை, அவளும்தான்.

"ஆடிட் வருது. போர்டுல கண்ட பேப்பர் இருக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார் புருஷோத்தமன்.

லெட்டரில் நான்கு தேதிகளை எழுதி எழுதி அடித்திருந்தாள். ஐந்தாவதுக்கு இடமில்லை. கசக்கிக் குப்பையில் போட்டுவிட்டு, அடுத்த அட்டையைக் கழற்றக் கையைத் தூக்கினாள். வலித்தது.

பிப்ரவரியில் வலித்ததில்லை.