ஏழா, பதினொன்றா

லூசியானாவின் பைன் காட்டுக்குள் போர்ப் பயிற்சிக்காக ராணுவம் கட்டிய பொய்க் கிராமத்தில், சுடப்பட்டுச் செத்தவர்கள் பன்னிரண்டரைக்கு எழுந்து சாப்பிடப் போவார்கள்.

அந்த வாரம் அங்கே சோதனைக்கு வந்தது, சிறு சண்டைகளுக்கான புதிய கூட்டுப்படை விதிநூல். தரைப்படையும் விமானப்படையும் சேர்ந்து காப்பி குடித்துக்கூட நான் பார்த்ததில்லை. சேர்ந்து சண்டை போடுவது எப்படி என்று நூற்று நாற்பது பக்கம் எழுதியிருந்தார்கள். எங்களுக்கு ஒதுக்கியது ஒரே பக்கம்: அடிபட்டவரை, எந்தப் படை என்று பாராமல், பக்கத்தில் இருக்கும் ஹெலிகாப்டர் தூக்க வேண்டும். நேரம் பார்த்துத் தீர்ப்புச் சொல்பவர் ஓய்வுபெற்ற சார்ஜென்ட் வெர்லின் டூசே. எழுதுபவன் நான்.

பத்தொன்பது வருடத்துக்கு முன், தூரதேசத்து மலையடிவாரம் ஒன்றில், ஹாலிஸ் என்ற சிப்பாய் வெர்லினின் மடியில் ரத்தம் கொட்டக் கிடந்தான். யாருடைய ஹெலிகாப்டர் போவது என்று இரண்டு படைகளும் ரேடியோவில் வாதாடின. மிக மரியாதையாக, பதினோரு நிமிடம். அதற்குள் ஹாலிஸ் செத்துப்போனான். ஊர் திரும்பிய வெர்லின், ஹாலிஸின் தாய் லோரீனிடம், "யாராலயும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது" என்றார். அந்த ஒரு வாக்கியத்தின் பலத்தில்தான் இருவரும் வருடாவருடம் நன்றித் திருநாளன்று ஒரே மேசையில் வான்கோழி சாப்பிட்டார்கள்.

இந்தப் பயிற்சியில் அன்று அடிபட்டவளாக நடித்தவள் ஓபல், ஊரில் டோனட் கடை வைத்திருப்பவள். அவள் கழுத்தில் தொங்கிய அட்டையில், 'தொடையில் குண்டு, ஒன்பது நிமிடத்தில் மரணம்' என்றிருந்தது. வெர்லின் நிறுத்துக் கடிகாரத்தை அழுத்தினார். விமானப்படை ஹெலிகாப்டர் வந்தது, ஓபலை ஏற்றிக்கொண்டது. வெர்லின் கடிகாரத்தை நிறுத்தவில்லை. அவள் கிடந்த இடத்தில் நசுங்கியிருந்த பைன் இலைகளையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் இரண்டு முறை கூப்பிட்டேன். அவர் விரல் அசைந்தபோது, கடிகாரத்தில் பதினோரு நிமிடம்.

ஓபல் ஹெலிகாப்டரிலிருந்து இறங்கி வந்தாள். "மிஸ்டர் வெர்லின், பொழைச்சேனா, செத்தேனா? அதுக்குத் தகுந்த மாதிரி பசிக்கணுமில்ல?"

"பதினொண்ணு காட்டுது."

"அட போங்க! ஏழுதான். எட்டு வருஷமா இங்க செத்துப் பழகினவ, எனக்குத் தெரியாதா?"

அரசாங்கத்துக்குக் கடிகாரம்தான் சாட்சி, ஓபல் இல்லை. பதினொன்று என்றால் விதிநூலின் அந்த ஒரு பக்கம் தோற்றது. ஹாலிஸும் யாராலும் காப்பாற்ற முடியாதவனாகவே இருந்துவிடுவான். ஏழு என்றால் விதி நிலைக்கும், இனி அடிபடுபவர்கள் பிழைப்பார்கள். அவனோ, பிழைத்திருக்கக்கூடியவன் ஆகிவிடுவான்.

"என்னப்பா எழுதின?"

"இன்னும் எழுதல, சார்ஜென்ட். நீங்க சொல்றதத்தான் எழுதணும்."

அவர் கடிகாரத்தை என்னிடம் நீட்டி, "ஏழுன்னு போடு. கடிகாரத்த நிறுத்த மறந்துட்டேன்னும் எழுது" என்றார். கையெழுத்துப் போட்டார். லாரியின் பின்பலகையில் உட்கார்ந்து போனை எடுத்தார்.

"மிஸ் லோரீன், நாளைக்கு வர்றேன்... தெரியும், திருநாளுக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்கு... வேணாம், எதுவும் சமைக்காதீங்க. ஹாலிஸப் பத்தி ஒண்ணு சொல்லணும். கேட்டப்புறமும் என்னை உக்காரச் சொன்னீங்கன்னா, அப்ப சாப்பிடறேன்."