மைக் கட்டி அழைத்த ஊசி

என் மனைவியின் அண்ணனுக்கு ஊசி என்றால் பயம் கிடையாது. மல்லாட்டைக் கொல்லையில் கடலைக்குக் களையெடுக்கும்போது தேள் கொட்டினாலும் கையை உதறிவிட்டு மிச்சக் களையையும் எடுத்து முடிக்கிற ஆள். அப்படிப்பட்டவர், கொரோனா ஊசி மட்டும் போட்டுக்கொள்ள மாட்டேன் என்று முகையூர் பக்கத்துக் கிராமத்தில் அடம்பிடித்துக்கொண்டிருந்தார்.

விழுப்புரத்தில் அவர் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. ஊசி போடாமல் படியேற வேண்டாம் என்று சம்பந்தி வீட்டில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். அவர் மனைவி மறுநாளே ஊசி போட்டுக்கொண்டு பேத்தியைப் பார்த்துக்கொள்ளப் போய்விட்டார். இவர் தனியாகக் கேப்பைக் கூழ் கிண்டிக்கொண்டு, பேத்தியைச் செல்போனில் பார்த்தார். அதிலும் பாதி நேரம் மின்விசிறிதான் தெரிந்தது.

“போய் நல்லவிதமா பேசி ஊசி போட வையுங்க” என்று என்னைத் திண்டிவனத்திலிருந்து பஸ் ஏற்றினாள் மனைவி. நான் தாலுகா ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நல்லவிதமாகப் பேசுவது எங்கள் துறையில் கிடையாது. விதிமுறை உண்டு.

மச்சான் என்னைப் பார்த்ததும் ஆரம்பித்தார். “ரேஷன் கடையில இன்னா சொல்றான் தெரியுமா மாப்ள? ஊசி போட்டாதான் அரிசியாம்!”

வந்த வேலை எனக்கு மறந்துபோனது. நேராக ரேஷன் கடைக்கு நடந்தேன். “தடுப்பூசி அவரவர் விருப்பம், கட்டாயமில்லைன்னு கவர்மென்டே சொல்லியிருக்கு. அரிசி கிடையாதுன்னு உத்தரவு இருந்தா காட்டுப்பா.”

“வாயாலதான் சார் சொன்னாங்க.”

“யாரு?”

“எல்லாரும்தான் சார்.”

அரசாங்கத்தில் எல்லாரும் சொன்னார்கள் என்றால் யாரும் சொல்லவில்லை என்று பொருள். அரிசி வந்தது. வெற்றி தலைக்கேறி, அடுத்து பள்ளிக்கூடத்தில் நடந்த ஊசி முகாமுக்குப் போனேன். மச்சானும் வேடிக்கை பார்க்கப் பின்னாலேயே வந்தார். வரிசை வேப்பமரம் வரை நீண்டிருந்தது.

“சம்மதம் வாங்கறதுக்கு முன்னாடி விவரம் சொல்லணும்மா. என்ன ஊசி, என்ன பலன், என்ன பக்கவிளைவு, எல்லாம் சொல்லணும்” என்றேன் நர்சம்மாவிடம்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, ஆட்டோவில் மைக் கட்டி ஊரைக் கூப்பிட்டுப் பழகிய குரலில் ஊருக்கே கேட்கிறாற்போல் சொன்னார்: “போட்டுக்கினா நோய் வந்தாலும் முத்தாது. கை வலிக்கும், காய்ச்சல் வரலாம், உடம்பு வலிக்கும். ரொம்ப அபூர்வமா சிலருக்கு அலர்ஜி வரும், அதுக்குத்தான் அரை மணி நேரம் உக்கார வைக்கறோம். போதுமா சார்?”

மிகச் சரியான விளக்கம். பாராட்டலாம் என்று திரும்பினால், வேப்பமரத்தடியில் ஆடு மட்டும் நின்றது.

“ஏன் சார், காலையிலேர்ந்து தொண்டை கிழிய கத்தி சேத்த கூட்டம்! மருந்து பாட்டிலைத் தொறந்துட்டேன். சாயந்தரத்துக்குள்ள போடலன்னா கொட்டணும். இப்ப நீங்களே பத்து கை கொண்டாங்க.”

முதல் கை பக்கத்திலேயே இருந்தது. மச்சானைப் பார்த்தேன். அவர் விறைப்பாகச் சொன்னார்: “பங்காளி வூட்டு காதுகுத்துக்கே தட்டு எடுத்துக்கினு வூட்டுக்கு வந்து கூப்புடணும். என் கையில குத்தறதுக்கு ஆட்டோவுல மைக்கு கட்டிக்கினு கூப்புட்டா வந்துடுவனா? போறேன்.” போயே விட்டார்.

இத்தனை நாள் பிடிவாதத்துக்கும் காரணம் இவ்வளவுதான். சட்டப் புத்தகத்தில் சம்மதம் என்கிறார்கள்; எங்கள் பக்கம் அதற்குப் பெயர் அழைப்பு.

நர்சம்மா கையைத் துடைத்துக்கொண்டு, குடையை எடுத்துக்கொண்டு அவர் வீட்டு வாசலில் போய் நின்றார். நான் பின்னால், வாய் திறக்கக் கூடாது என்ற நிபந்தனையுடன்.

“அண்ணே, ஊசி போட்டுக்கிறீங்களான்னு கேக்க வந்தேன்.”

“வேணாம்னா?”

“தண்ணி குடிச்சிட்டு போயிடறேன். அரிசியும் நிக்காது. ஆனா பேத்திய தூக்கப் போறீங்க, சின்ன உசுரு. நீங்கதான் முடிவு பண்ணணும்.”

மச்சான் உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். கூடவே சலவைச் சட்டை போட்டு வந்தார். போகிற வழியில் பங்காளிகள் வீடு ஒவ்வொன்றிலும் நின்று, “வூட்டுக்கே வந்து கூப்புட்டாங்கடா, வாங்க” என்றார். பாட்டில் காலியானது.

நாற்காலியில் காத்திருந்தபோது என்னிடம் கேட்டார். “உங்களுக்கு எல்லா விவரமும் சொல்லித்தான் போட்டாங்களா மாப்ள?”

“உங்க தங்கச்சி போன்ல பதிஞ்சிட்டு, சட்டைய மடிச்சி விடுங்கன்னா. விட்டேன்.”

“பக்கவிளைவு?”

“இங்க வந்து உக்காந்திருக்கேனே.”

அடுத்த வாரம் விழுப்புரத்தில் பேத்தியை மடியில் வாங்கிக்கொண்டார். அப்புறம் ஒரு நாள் குழந்தைக்கு ஒன்றரை மாதத் தடுப்பூசி போட வேண்டிய முறை வந்தது. ஆஸ்பத்திரியில் ஊசியோடு வந்த நர்சை மச்சான் தடுத்து நிறுத்தி, நான் முகாமில் கேட்ட கேள்வி அத்தனையும் ஒன்றுவிடாமல் கேட்டார். அவரும் பொறுமையாகச் சொன்னார்.

மச்சான் திருப்தியாகத் தலையாட்டிவிட்டுக் குனிந்து, “தாயி, போட்டுக்கிறியா?” என்றார்.

பேத்தி அவர் சலவைச் சட்டையை நனைத்தாள். “சரின்னுட்டா, போடும்மா” என்றார் மச்சான்.